பூட்டாமல் எழுந்தவர்கள்

ஆளை உள்ளே விடுவது, உள்ளே இருப்பவர் யார் என்று குறித்து வைப்பது, வேலை முடிந்ததும் வெளியே அனுப்புவது, இவ்வளவுதான் என் தொழில். இதையே கோயில் வாசலில் நின்று செய்தால் மரியாதை கிடைக்கும், கம்ப்யூட்டரில் செய்வதால் திட்டு கிடைக்கிறது.

தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடமாக சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். தேனியில் மெயின் லேப், பள்ளத்தாக்கு முழுக்க ரத்தம் எடுக்கும் சின்னச் சின்ன சென்டர்கள். எல்லாரும் ஒரே சர்வருக்குள் வந்துதான் ரிப்போர்ட் ஏற்ற வேண்டும். உள்ளே வருவதற்குப் பெயர் லாகின். உள்ளே இருக்கும் நேரத்துக்குப் பெயர் செஷன். வெளியே போவதற்கும் ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் செய்யாததால் எனக்கே மறந்துவிட்டது.

இதே தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. தலையை ஆட்டிக்கொண்டே படிப்பீர்கள். ஆனால் இந்த வேடிக்கைகளுக்கு நடுவே பேச்சியம்மாள் என்ற பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்தேன் என்பீர்கள்.

வெறும் வயிற்றில் பாஸ்வேர்டு

தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை எல்லாருடைய பாஸ்வேர்டும் காலாவதியாகும். நான் வைத்த சட்டம். பதினைந்து நாள் முன்பிருந்தே திரையில் எச்சரிக்கை வரும். அதைக் கொசுவை விரட்டுவதுபோல் விரட்டிவிட்டுத் தொண்ணூற்றோராவது நாள் காலையில் எனக்குப் போன் செய்வார்கள். காமயகவுண்டன்பட்டி சென்டரில் ரத்தம் எடுக்கும் சுருளி இதில் முதல் மாணவர். அவர் போன் வரும் நாளை வைத்தே நான் காலாண்டு முடிந்ததைத் தெரிந்துகொள்வேன்.

அன்றைக்குக் காலை ஆறே முக்காலுக்கு அழைத்தார். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு பதினாலு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுருளியின் ஒரு கையில் ஊசி, மறு கையில் பஞ்சு. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டார். நான் ரகசியக் குரலில் ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டைச் சொன்னேன். அவர் அதை ஒவ்வொரு எழுத்தாகப் பஜனை பாடுவதுபோல் திருப்பிச் சொன்னார். பிறகு, "சொந்தமா ஒண்ணு போடச் சொல்லுது, என்ன போடலாம்?" என்று கேட்டார். என்னை அல்ல, வரிசையை. பேரன் பேரைப் போடு என்றது ஒரு குரல். தோட்டத்து மோட்டார் நம்பரையும் சேர்த்துக்கோ என்றது இன்னொன்று. பெரிய எழுத்து, எண், குறி என்று நான் கேட்டதெல்லாம் பொதுக்கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேறியது.

போட்டார். புதுப் பாஸ்வேர்டோடு உள்ளே போகப் பார்த்தார். போகவில்லை. மறுபடியும் முயன்றார். சர்வர் மூன்றாவது முறையில் கதவைச் சாத்திவிடும் என்று நான் கத்தும் முன்பே, திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் பசி தாங்காமல் எழுந்துவந்து சுருளியின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "ஏலே சுருளி, ரெண்டாவது எழுத்து பெருசுன்னுதான பேசுனோம். நீ சின்னதால்ல அடிக்கிற."

மேகமலையில் ஐந்து பேர்

சர்வருக்குள் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. ஒருநாள் முற்பகல் தேனி கவுன்டரில் இருந்தவர்களுக்கே இடமில்லை என்று திரையில் வந்தது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்தேன். மேகமலை எஸ்டேட் சென்டரில் ரத்தம் எடுக்கும் எங்கள் செல்வி ஐந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே பெயரில் ஐந்து செஷன். தன் லாகினை ஊருக்கே வாரி வழங்கிவிட்டாள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

பிறகுதான் யோசித்தேன். மேலே மேகம் இறங்கினால் லைன் அறுந்துவிடும். அவள் மறுபடியும் உள்ளே வருவாள். சர்வரோ பழைய செல்வி இன்னும் வெளியே போகவில்லை என்று நம்பி அவளையும் வைத்துக்கொள்ளும். அன்றைக்கு நான்கு முறை மேகம் இறங்கியிருக்கிறது, ஐந்து செல்விகள் சேர்ந்துவிட்டார்கள். இது தெரிவதற்குமுன் நான் அதிகாரமாகப் போன் செய்து, உன் லாகினில் இப்போது எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், மரியாதையாகச் சொல் என்று கேட்டிருந்தேன். அவள் கொஞ்சமும் பதறாமல் சொன்ன பதில்: "இங்கன நானும் அட்டைப்பூச்சியும்தான் சார் இருக்கோம். ரத்தம் எடுக்குறதுல அது என்னைய விட வெரசு, ஆனா பாஸ்வேர்டு இன்னும் சொல்லித் தரல."

பிள்ளையார் சுழி

மெயின் லேபில் சீனியர் பரமசிவம் அண்ணன். டெக்னீஷியன்களில் முதல்வர். இந்த லேப் ஓர் அறையாக இருந்த காலத்திலிருந்து இருப்பவர். நல்ல மனிதர். கம்ப்யூட்டரை மட்டும் ஒரு புது நோட்டாகத்தான் பார்ப்பார். புது நோட்டில் எழுதுவதற்குமுன் என்ன போடுவோம்? நோயாளிகளின் பெயரை அடிப்பதற்காக எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ்த் தட்டச்சை ஏற்றிக் கொடுத்தேன். அண்ணன் அதில் ஒரே ஓர் எழுத்தைக் கற்றுக்கொண்டார். 'உ'. ஒவ்வொரு நோயாளிக்கும் ரிப்போர்ட் ஏற்றும் முன்னால் குறிப்பு என்று இருக்கும் கட்டத்தில் ஒரு 'உ' போடுவார். அப்புறம்தான் மற்ற வேலை. நோயாளி எந்த மதத்துக்காரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும் என்பது அவர் கட்சி.

லேபில் வேறு யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லை. நானும் கண்டுகொள்ளவில்லை, ரிப்போர்ட்டில் அந்தக் கட்டமும் அச்சாகிறது என்று தெரியும்வரை. மதுரையிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். நிதானமான, படித்த குரல். எங்கள் ரிப்போர்ட்டை இரண்டுமுறை படித்துவிட்டு, தன் மருத்துவப் படிப்பில் ஏதோ விட்டுப்போயிற்று என்ற கவலையோடு கேட்டார். அன்றே அந்தக் கட்டம் அச்சில் வராதபடி செய்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் போட்டுக்கொண்டே இருந்தார், அது சர்வருக்குள் யார் கண்ணிலும் படாமல் சேர்ந்துகொண்டே இருந்தது. மதுரை டாக்டர் கேட்டது இதுதான்: "உங்க ரிப்போர்ட்ல 'உ'ன்னு ஒரு டெஸ்ட் இருக்கே, அதுக்கு நார்மல் அளவு எவ்வளவு சார்?"

பூட்டினால் வருத்தம்

இனிமேல் பேச்சியம்மாள். ஆண்டிபட்டி நெசவுக் குடும்பம். டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு லேப் லேபாக ஏறி இறங்கியவளை எங்கள் லேபின் உரிமையாளர் டாக்டரம்மாவிடம் சொல்லி இங்கே சேர்த்துவிட்டவர் பரமசிவம் அண்ணன். ஆறு வருடமாகிறது. பஸ் பிந்தினால்கூட எனக்கு முன்னால் வந்திருப்பாள். நான் சொல்லும் விதிகளை நம்பிய ஒரே ஊழியர் என்றும் சொல்லலாம்.

இருக்கையை விட்டு எழுந்தால் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள் என்று ஓர் அறிவிப்பு ஒட்டினேன். 'யாருடைய லாகினோ அவருடைய பொறுப்பு' என்று கீழே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தேன். எனக்கே பிடித்த வாக்கியம். மறுநாள் பேச்சி எழுந்தபோது பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். விதிப்படி பூட்டினாள். அவ்வளவுதான், அண்ணன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நம் ஊரில் ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது எதையாவது பூட்டினால் அதற்கு என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தையே அவர் எடுத்துக்கொண்டார். வழக்கமாக அவளுடைய டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஊறுகாயைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் பேச்சி பூட்டுவதை நிறுத்திவிட்டாள். அவளைப் பார்த்து எல்லாரும் நிறுத்தினார்கள். பெரியவர் வந்தால் எழுந்து நாற்காலியைக் கொடுப்பது மரியாதை, திரையைத் திறந்தபடி கொடுப்பது கூடுதல் மரியாதை என்றாகிவிட்டது.

ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் திரை தானே பூட்டிக்கொள்ளும்படியும் வைத்திருந்தேன். அதற்கும் அண்ணன் வந்தார், கையில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையோடு. மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒவ்வொரு முறையும் கதவு சாத்தியிருக்கிறது என்றார். நான் கொள்கைக் குன்று. பத்து நிமிடம் ஆக்குகிறேன் என்று ஆரம்பித்து, திராட்சை பாதி காலியானபோது இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றேன். பேச்சி முதன்முதலில் பூட்டிய அன்று, பேச்சை நிறுத்தும் முன்னால் அண்ணன் அவளிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஏன் ஆத்தா, நான் என்ன ஒன் கம்ப்யூட்டரத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டா போயிருவேன்?"

போனவரின் லாகின்

இதே சமயத்தில் ஆண்டிபட்டி சென்டரில் ஒரு கூத்து. அங்கே இருந்த கார்த்தி என்ற ஊழியர் வேலையை விட்டு வெளிநாடு போய் எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குக் கடிதம் வந்தது. கடமை தவறாமல் அவர் லாகினை நீக்கினேன். ஐந்தாவது நிமிடம் ஆண்டிபட்டி முழுவதும் இருண்டது. எட்டு மாதமாக அங்கே மிச்சமிருந்த மூன்று பேரும், பாஸ்வேர்டை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டு, அவர் லாகினில்தான் இருந்திருக்கிறார்கள். சொந்த லாகினைத் திறந்தே பார்த்ததில்லை, புத்தம் புதிதாக வைத்திருந்தார்கள். நான் சட்டம் பேசினேன். பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "கார்த்தி போனாப்ள, சரி. அவரு லாகின ஏன் சார் அனுப்புனீக? அது ஒரு நாள்கூட லீவு போட்டதில்லையே."

ரெண்டாவது பிள்ளை

ஒரு புதன்கிழமை தேனி கவுன்டரில் பிரின்டரைக் குடைந்துகொண்டிருந்தேன். நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண், கணவனோடு ஆண்டிபட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் முந்தினநாள் வாங்கிய எங்கள் ரிப்போர்ட். கோபமில்லை, சண்டையில்லை. தாளை என்னிடம் நீட்டினாள். கவுன்டரில் யார் இருந்தாலும் அவர்தான் லேப் என்பது மக்கள் கணக்கு. ரத்த வகை 'ஓ பாசிட்டிவ்' என்று போட்டிருந்தது. முதல் பிரசவத்தின் பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தாள். அதில் 'ஓ நெகட்டிவ்'.

நெகட்டிவ் வகைத் தாய்க்குப் பிள்ளையைக் காக்க ஓர் ஊசி போட வேண்டும். பாசிட்டிவ் என்று எழுதியிருந்தால் யாரும் போட மாட்டார்கள். இது எனக்கே தெரியும் என்றால் எவ்வளவு பெரிய தப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நெகட்டிவ்தான். அவள் வீட்டில் பழைய தாளைப் பத்திரமாக வைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தாளையும் நீட்டும்போது அவள் கேட்டது இதுதான்: "மொதப் பிள்ளைக்கு நெகட்டிவா இருந்த ரத்தம், ரெண்டாவது பிள்ளைக்குப் பாசிட்டிவா மாறிக்கிருமா சார்?"

என் பேருதான இருக்கு

டாக்டரம்மா குரலை உயர்த்த மாட்டார், அதனால்தான் எல்லாருக்கும் பயம். மறுநாள், அந்த ரிப்போர்ட்டை ஏற்றியது யார் என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் நான். சர்வரில் ஒவ்வொருவரும் எப்போது வந்தார், என்ன செய்தார் என்று எல்லாம் பதிவாகிறது என்று வருடக்கணக்காகப் பீற்றியிருக்கிறேன். இரண்டே நிமிடத்தில் அச்சடித்து நீட்டினேன். செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று இருபத்து நான்கு, பேச்சியம்மாள். டாக்டரம்மா சுவரில் இருந்த என் கொட்டை எழுத்து வாக்கியத்தை ஒருமுறை பார்த்தார். ரத்த வகையில் தப்புச் செய்தவரை வைத்துக்கொள்ள முடியாது, சனிக்கிழமையோடு நின்றுவிடட்டும் என்றார். இந்தக் காரணத்தோடு வெளியே போனால் தேனியில் மட்டுமல்ல, கூடலூர்வரை எந்த லேபும் அவளைச் சேர்க்காது. அது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பேச்சி அழவில்லை. மறுக்கவும் இல்லை. அங்கேதான் எனக்கு உறுத்தியது. பதினோரு வருடத்தில் என்னிடம் தப்பை ஒப்புக்கொண்ட ஓர் ஊழியர்கூடக் கிடையாது. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தவர் கீபோர்டு சரியில்லை என்பார், பிளக்கைக் காலால் இடறிவிட்டவர் வைரஸ் என்பார். முதல்முறையாக ஒருத்தி ஒப்புக்கொள்கிறாள் என்றால் அவள்மேல் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? வெளியே வந்ததும் நிறுத்திக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் பேருதான சார் இருக்கு. அப்ப நானாத்தான இருக்கணும்."

கட்டத்துக்குள் ஓர் எழுத்து

அறைக்குப் போய் அந்தப் பதிவை முழுதாகத் திறந்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அச்சடித்து நீட்டும் அவசரத்தில் செய்யவில்லை. விரல் வைக்கும் வருகைப் பதிவில் பேச்சி ஒன்று பத்துக்குச் சாப்பிடப் போயிருக்கிறாள், ஒன்று நாற்பதுக்குத் திரும்பியிருக்கிறாள். அவள் பெயரில் ஒன்று இருபத்து நான்குக்கு ரிப்போர்ட் ஏறியிருக்கிறது. கீழே, அச்சில் வராத அந்தக் குறிப்புக் கட்டத்தைப் பார்த்தேன். 'உ'.

லேபில் இதைப் போடுபவர் ஒருவர்தான். அவள் பூட்டாமல் எழுந்து போயிருக்கிறாள், கூட்டம் சேர்ந்ததைப் பார்த்து அண்ணன் உதவிக்கு உட்கார்ந்திருக்கிறார். நான் ஐந்து நிமிடத்தை இரண்டு மணி நேரம் ஆக்காமல் இருந்திருந்தால் அவர் உட்காரும் முன்பே திரை பூட்டியிருக்கும். தன் லாகினில் போய்ப் பத்து ரிப்போர்ட் ஏற்றியிருப்பார், தப்பு அவர் பெயரில் வந்திருக்கும். ஒரு பெட்டித் திராட்சையில் நான் ஒரு பெண்ணின் பிழைப்பைத் தின்றிருக்கிறேன்.

பேச்சியை அழைத்து அந்த எழுத்தைக் காட்டினேன். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்தபோது அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து, உன் பாரத்தைக் குறைச்சிட்டேன் ஆத்தா என்றிருக்கிறார். அதில் ஒன்று தப்பு என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது, மகள் நிச்சயத்துக்காகப் புதன்கிழமையிலிருந்து சின்னமனூரில் இருந்தார். பின் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கோபமாகக் கேட்டேன். கோபம் அவள்மேல் இல்லை, என்மேல். அவள் சொன்னாள்: "எனக்கு ஒத்தாசைக்குத்தான சார் உக்காந்தாக. மக நிச்சயத்துல நிக்கிறவுகளப் போன் போட்டு மாட்டிவிடச் சொல்றீகளா?"

மதுரைக்குப் போகும் நேரம்

சனிக்கிழமை காலை அண்ணன் நிச்சயத்து லட்டோடு வந்துவிட்டார். மாலையில் பேச்சி கிளம்ப வேண்டும். டாக்டரம்மாவிடம் நேராகப் போய் நானே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பைக்குள்ளிருந்து லட்டை எடுப்பதற்குள் குறிப்புக் கட்டத்தோடு முழுப் பதிவையும் அச்சடித்த தாளை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அந்த இரண்டு நிமிடம் எனக்கு நிற்க இடம் தெரியவில்லை. தாளோடு நேராக டாக்டரம்மா அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "இது நான் போட்ட சுழி. தப்பும் நான் போட்டதுதான். அந்தப் பிள்ள பேர அடிச்சுட்டு என் பேர எழுதிக்கோங்க" என்றார்.

டாக்டரம்மா பேச்சியை நிறுத்துவதற்காக அடித்து வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார். அண்ணனை அனுப்பவில்லை. ஆண்டிபட்டிக்கு நேரில் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார், அவரும் அன்றைக்கே போனார். ரத்த வகையை இனிமேல் இன்னொருவரும் தன் லாகினில் சரிபார்த்தால்தான் ரிப்போர்ட் வெளியே வரும் என்றும் உத்தரவாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நான் மெதுவாக நழுவும்போது, திரை தானாகப் பூட்டிக்கொள்ளாதா தம்பி என்று கேட்டார். பூட்டும் என்றேன். எவ்வளவு நேரத்தில் என்றார். திராட்சையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ரெண்டு மணி நேரத்துல நான் பஸ்ஸுல மதுரைக்கே போயிருவேனே தம்பி."

நாற்காலி

திங்கட்கிழமை பழையபடி ஐந்து நிமிடத்துக்கு மாற்றக் கிளம்பினேன். பேச்சியின் கம்ப்யூட்டரிலிருந்தே சர்வருக்குள் என் லாகினில் போனேன். என் லாகின் என்றால் சாதாரணமில்லை. இந்த லேபில் யாரையும் சேர்க்கலாம், நீக்கலாம், எந்த ரிப்போர்ட்டையும் மாற்றலாம். அதற்குள் உட்கார்ந்துகொண்டு, சுற்றி நின்ற ஊழியர்களுக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். மரியாதை வேறு, பாதுகாப்பு வேறு. பெரியவர் வந்தால் எழுந்திருங்கள், ஆனால் பூட்டிவிட்டு எழுந்திருங்கள். அண்ணனே முன்வரிசையில் நின்று தலையாட்டினார். அவர் முகத்தில் பழைய வருத்தம் இல்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது.

சொற்பொழிவின் நடுவில் டாக்டரம்மா உள்ளே வந்தார். அந்த ஆண்டிபட்டிப் பெண்ணின் திருத்திய ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டுமாம். நான் துள்ளி எழுந்தேன். நாற்காலியைத் துடைத்து, "உட்காருங்க மேடம்" என்று இரண்டு கையாலும் காட்டினேன். டாக்டரம்மா உட்கார்ந்தார். பக்கவாட்டில் நான் கைகட்டி நின்றேன். திரையில் என் செஷன் மலர்ந்து கிடந்தது, லேபின் எல்லாக் கதவும் திறந்தபடி. சுற்றி நின்ற எல்லார் கண்ணும் அந்தத் திரைமேல் இருந்ததை நான்தான் கடைசியாகக் கவனித்தேன். டாக்டரம்மாவின் விரல் கீபோர்டைத் தொடும் முன்னால், "ஒரு நிமிசம் மேடம்" என்று பேச்சி குனிந்து அந்த இரண்டு பொத்தானையும் அழுத்தினாள். திரை இருண்டது. டாக்டரம்மாவின் வாயோரம் மட்டும் சிரித்தது. அண்ணன் வெளிப்படையாகவே சிரித்தார். பேச்சி என் பக்கம் திரும்பி, ஆறு வருடமாக என்னிடம் பேசும் அதே பணிவான குரலில் சொன்னாள்: "தப்பா எடுத்துக்கிறாதீக சார். யாரோட லாகினோ அவுகளோட பொறுப்புன்னு செவத்துல எழுதிருக்கு."

பதினோரு வருடமாக அத்தனை பேருக்கும் உள்ளே போகும் வழியைச் சொல்லிக்கொடுத்த நான், ஒரு நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருப்பது என்பதை இப்போதுதான் பேச்சியம்மாளிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.